மாடி ஷவர்ல தண்ணி சொட்டுது: ஒரு எச்.பி. பிரஷர் பம்ப் தேவையா?

மொட்டைமாடி | பிப்ரவரி 2, காலை 7:40

தாம்பரம் பக்கம் தனி வீடு, கீழ்த்தளமும் மாடியும். மொட்டை மாடியில 2 அடி செங்கல் மேடை, அது மேல 1000 லிட்டர் டேங்க். போர் தண்ணி, உப்பு அதிகம். கீழ் பாத்ரூம் ஷவர் ஓரளவு பரவாயில்லை. மாடி ஷவர் சொட்டுது. ஆனா அதே மிக்சர்ல (சுடுதண்ணி, பச்சைத் தண்ணி கலக்குற குழாய்) கீழே பக்கெட் குழாயைத் திறந்தா நல்லா வருது. பிளம்பர் ஒரே வார்த்தை சொல்லிட்டார்: "ஒரு எச்.பி. பிரஷர் பம்ப் போட்டுடுங்க." போடலாமா?

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 2, காலை 9:15

இப்போதைக்கு வேண்டாம். முதலில் கணக்கு.

பாத்ரூம் தரையிலிருந்து மொட்டை மாடித் தளம் 10½ அடி என்று வைப்போம். மேடை 2 அடி. டேங்கில் நீர்மட்டம் 4 அடி. மொத்தம் 16½. ஷவர் முகம் 7 அடி உயரத்தில். மீதி 9½ அடி, அதாவது 2.9 மீட்டர். 10 மீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். ஆக உங்கள் ஷவருக்குக் கிடைப்பது 0.3 பாருக்கும் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். பக்கெட் குழாய் தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கிறது, அதற்கு 4½ அடி கூடுதல். கீழ்த்தள ஷவருக்கு இன்னொரு 10½ அடி. "பக்கெட் குழாயில் நல்லா வருது, அப்போ லைன் சரி" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

ஆனால் 0.3 பாரிலும் குளிக்கிற அளவுக்கு ஷவர் வரும். வரவில்லை என்றால் வழியில் ஏதோ அழுத்தத்தைத் தின்கிறது. எங்கே என்று கண்டுபிடிக்க 10 லிட்டர் வாளியும் போனில் ஸ்டாப்வாட்சும் போதும். மூன்று அளவு எடுங்கள், மூன்றும் பச்சைத் தண்ணீரில், வேறு எந்தக் குழாயும் திறக்காமல்:

1. ஷவர் மாட்டியபடி வாளி நிரம்பும் நேரம்.
2. ஷவர் முகத்தைக் கழற்றி, வெறும் ஆர்மிலிருந்து (சுவரிலிருந்து நீளும் ஷவர் குழாய்).
3. பக்கெட் குழாயிலிருந்து.

மொட்டைமாடி | பிப்ரவரி 2, இரவு 8:05

1: 2 நிமிஷம் 40 செகண்ட். 2: 1 நிமிஷம் 15. 3: 50 செகண்ட்.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 2, இரவு 8:50

நிமிடத்துக்கு 3¾, 8, 12 லிட்டர்.

முகத்தைக் கழற்றியதும் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. முதல் குற்றவாளி ஷவர் முகம். ஆனால் வெறும் ஆர்மிலேயே 8 தான் என்பது லைனிலும் ஏதோ இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், எது எவ்வளவு உதவியது என்று தெரியாமல் போய்விடும். முகம் முதலில்.

உப்புத்தண்ணி | பிப்ரவரி 3, காலை 6:30

முகம் சுத்தம் பண்றது என் ஏரியா. கடையில "எலுமிச்சை உப்பு"ன்னு கேட்டா சிட்ரிக் ஆசிட் தருவாங்க. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம், பிளாஸ்டிக் டப்பாவுல கரைச்சு முகத்தைக் கவுத்துப் போடுங்க. நுரை வரும், அதுதான் சுண்ணாம்பு கரையுறது. முக்கால் மணி நேரத்துல எடுத்து, ரப்பர் முனைகளைக் கட்டைவிரலால தேய்ங்க. வெள்ளைப் புழு மாதிரி ஒண்ணொண்ணா வெளிய வரும். ரப்பர் இல்லாத பழைய பித்தளைத் தட்டா இருந்தா ஊசி போதும், ஆனா ஓட்டையைப் பெருசாக்கிடாதீங்க, தண்ணி பக்கவாட்டுல பீச்சும்.

ராத்திரி முழுக்க ஊற வைக்க வேண்டாம், குரோம் மங்கிடும். டாய்லெட் கழுவுற ஆசிட் பக்கமே போகாதீங்க. பிளீச்சிங் பவுடரோட எந்த ஆசிட்டையும் சேர்க்கவே கூடாது, விஷ வாயு.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 3, காலை 7:10

ஒரு சேர்க்கை. முகத்தின் கழுத்தில், நட்டுக்குள்ளே பாருங்கள். ஒரு வலை வாஷர் இருக்கும். சில முகங்களில் அதற்குக் கீழே நடுவில் சின்னத் துளையோடு ஒரு பிளாஸ்டிக் வில்லையும் இருக்கும். அது தண்ணீர் சேமிப்புக்காக வைக்கிற ரெஸ்டிரிக்டர். மூன்று பார் வரும் அடுக்குமாடியில் அது புண்ணியம், கால் பார் வரும் உங்கள் மாடியில் பாவம். ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். வலை இருக்கட்டும்.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 3, பகல் 1:20

முதல் குறிப்பில் ஒரு தப்பு செய்திருக்கிறேன். டேங்க் நிறைந்திருப்பதாக வைத்து 2.9 மீட்டர் சொன்னேன். ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் இருந்தால் டேங்க் கால்வாசிக்கு இறங்கிய பிறகுதான் மோட்டார் ஓடும். அப்போது நீர்மட்டம் 1 அடி, ஷவருக்கு 6½ அடி, அதாவது 2 மீட்டர். காலையில் கடைசியாகக் குளிக்கிறவருக்குக் கிடைப்பது 0.2 பார்தான். கணக்குக்கு அரை டேங்க், 7½ அடி, 2.3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாளிச் சோதனையையும் டேங்க் அதே அளவில் இருக்கும்போதே திரும்பச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

மொட்டைமாடி | பிப்ரவரி 4, காலை 8:00

ரெஸ்டிரிக்டர் இருந்துச்சு, பச்சைக் கலர் வில்லை. எடுத்தாச்சு. எலுமிச்சை உப்பும் ஆச்சு. இப்போ ஷவர் மாட்டி 1 நிமிஷம் 55. வெறும் ஆர்ம் அதே 1:15.

டேங்கை இன்னும் 3 அடி தூக்கிட்டா என்ன? மேஸ்திரி ரெடி.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 4, காலை 10:30

7½ அடி 10½ ஆகும். அழுத்தம் 40 சதவீதம் கூடும். ஆனால் வரத்து அதே விகிதத்தில் கூடாது, ஏறக்குறைய வர்க்கமூலத்தில்தான் கூடும். 1.4-இன் வர்க்கமூலம் 1.18. அதாவது 18 சதவீதம். 5.2 லிட்டர் 6.1 ஆகும். இதற்காக, நிரம்பினால் ஒரு டன் எடையுள்ள டேங்கை 5 அடி உயரச் செங்கல் மேடையில் ஏற்ற வேண்டும். அந்த உயரத்துக்குச் செங்கலை நம்பக்கூடாது. தூண்களுக்கும் பீமுக்கும் நேர் மேலே கான்கிரீட் கால்கள் வேண்டும். நடு ஸ்லாபில் உட்காரவைத்தால் கீழே சீலிங்கில் விரிசல் வரும். மேஸ்திரியைத் திருப்பி அனுப்புங்கள்.

செலவு செய்வதென்றால் பைப்பில் செய்யுங்கள். டேங்கிலிருந்து பாத்ரூம் வரை என்ன சைஸ்?

மொட்டைமாடி | பிப்ரவரி 4, மாலை 6:45

டேங்க்ல ஒரு இன்ச் நிப்பிள் (தண்ணி வெளிய வர்ற குட்டைக் குழாய்). அதுக்கப்புறம் முக்கால் இன்ச் சிபிவிசி பிளாஸ்டிக் பைப். ஒரே லைன்தான், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் சேர்த்து. பாத்ரூம் சுவருக்குள்ள அரை இன்ச். டேங்க் பக்கத்துல சிவப்புச் சக்கரம் வச்ச பித்தளை கேட் வால்வு.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 4, இரவு 9:00

மூன்று விஷயமும் ஒரே பதிலில் மாட்டிக்கொண்டது.

கேட் வால்வு: உப்புத் தண்ணீரில் வருடக்கணக்கில் அசையாமல் நின்றால் உள்ளே கதவு ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்றும், தண்டும் சுற்றும், கதவு பாதியில் நிற்கும். வெளியே பார்த்தால் முழுசாகத் திறந்திருக்கிற மாதிரி தெரியும். இதைச் சரிசெய்ய முயலாதீர்கள். கழற்றி எறிந்துவிட்டு ஒரு இன்ச் ஃபுல் போர் பால் வால்வு போடுங்கள். கடையில் வாங்கும்போது வால்வைத் திறந்து ஓட்டை வழியே பாருங்கள். பைப் அளவுக்கு ஓட்டை தெரிய வேண்டும். மலிவான வால்வில் பந்தின் துளை ஒரு சைஸ் சின்னதாக இருக்கும்.

அரை இன்ச்: அரை இன்ச் சிபிவிசி என்று சொன்னாலும் உள்விட்டம் 12½ மிமீ தேறாது. அதில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஓடினால், ஒவ்வொரு மீட்டர் பைப்புக்கும் 13 சென்டிமீட்டர் நீருயரம் உராய்விலேயே போகும். 8 மீட்டர் அரை இன்ச் ஓடியிருந்தால் ஒரு மீட்டர் காலி. உங்களிடம் இருப்பதே 2.3. எல்போ, மிக்சர் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. முக்கால் இன்ச்சில் உள்விட்டம் சுமார் 18 மிமீ, அதே வரத்துக்கு அதே நீளத்தில் உராய்வு ஆறில் ஒரு பங்கு.

பொது லைன்: கீழே யாராவது குழாய் திறந்தால் மாடி ஷவர் செத்துவிடுகிறதா?

மொட்டைமாடி | பிப்ரவரி 4, இரவு 9:12

செத்தே போகுது. அம்மா கீழ கிச்சன்ல பாத்திரம் கழுவ ஆரம்பிச்சா நான் சோப்போட நிக்க வேண்டியதுதான்.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 4, இரவு 9:40

கீழ்த்தளத்துக்கு 10½ அடி கூடுதல் அழுத்தம். பொது லைனில் தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். மாடி பாத்ரூமுக்குத் தனி நிப்பிள், தனி ஒரு இன்ச் லைன், பாத்ரூம் சுவர் வரை. சுவருக்குள் முக்கால். மிக்சருக்கு முன் கடைசி ஒரு அடி மட்டும் அரை இன்ச், ஏனென்றால் மிக்சர் நூலே அரை இன்ச்தான்.

புது நிப்பிளுக்கு டேங்கைத் துளைக்கும்போது தட்டையாக இருக்கிற பகுதியில், அடியிலிருந்து 2, 3 அங்குலம் மேலே துளையுங்கள். ரொம்பக் கீழே போட்டால் சேறு வரும். கத்தியைக் காய்ச்சி ஓட்டை போடாதீர்கள், ஹோல் சா (டிரில்லில் மாட்டி வட்டமாக அறுப்பது) வேண்டும். ரப்பர் வாஷர் டேங்குக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று.

பழைய_ஜிஐ | பிப்ரவரி 5, காலை 7:20

ஏர் லாக்கா (பைப்புக்குள்ள காத்து அடைச்சு நிக்குறது) இருக்கலாமே? யூடியூப்ல பார்த்தேன்: ஒரு ஹோஸ் எடுத்து நல்லா வர்ற குழாயையும் வராத குழாயையும் இணைச்சு ரெண்டையும் திறந்தா காத்து பின்னாடி தள்ளிப் போயிடும்.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 5, காலை 8:00

அந்த வீடியோ பெரும்பாலும் வெளிநாட்டு வீடு. அங்கே சமையலறைக் குழாய்க்குத் தெரு மெயினிலிருந்து நேரடி அழுத்தம் வரும். பாத்ரூமுக்கு டேங்க். இரண்டு வேறு அழுத்தம், அதனால் தள்ளும். நம் வீட்டில் இரண்டு குழாயும் ஒரே டேங்கிலிருந்து வருகிறது. ஒரே மட்டம். எதை எது தள்ளும்? போர் மோட்டார் டேங்குக்கு ஏற்றுகிற லைனில் தனியாகக் குழாய் இருந்தால், மோட்டார் ஓடும்போது அதிலிருந்து ஹோஸ் போட்டால் வேலை செய்யும்.

ஏர் லாக்கின் அறிகுறியும் வேறு. தண்ணீர் விட்டுவிட்டு, பொங்கிப் பொங்கி, உஸ் என்று சத்தத்தோடு வரும். இங்கே சீராகத்தான் வருகிறது, குறைவாக வருகிறது. மொட்டை மாடியில் லைன் பாராபெட் சுவர் மேல் ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் அந்தத் திமிலில் காற்று நிற்கும். டேங்க் மட்டம் திமிலுக்குக் கீழே இறங்கினால் சுத்தமாக நிற்கவும் செய்யும். சுவரின் அடியில் துளைபோட்டுப் பைப்பை நேராக, லேசான இறக்கத்தோடு கொண்டுபோக வேண்டும். டேங்க் வெளிவாயில் வால்வைத் தாண்டியதும் ஒரு ஏர் பைப், டேங்க் மூடிக்கு மேல் ஓர் அடி உயரம் வரை.

பழைய_ஜிஐ | பிப்ரவரி 5, காலை 8:15

ஒரே மட்டம். சரிதான். ஹோஸைச் செடிக்கு எடுத்துக்கிறேன்.

மொட்டைமாடி | பிப்ரவரி 11, மாலை 5:30

வேலை முடிஞ்சது. ரெண்டு நாள். தனி நிப்பிள், பால் வால்வு, ஒரு இன்ச் தனி லைன். சுவருக்குள்ள மட்டும் உடைக்கல, பழைய அரை இன்ச்சே இருக்கு, 3 மீட்டர்தான்னு பிளம்பர் அளந்து சொன்னார். பழைய கேட் வால்வைக் கழற்றிப் பார்த்தோம், கதவு முக்கால்வாசி மூடிக்கிட்டு உப்பு ஏறிக் கிடந்துச்சு.

அரை டேங்க்ல வெறும் ஆர்ம் 50 செகண்ட். ஷவர் மாட்டி 1:20. கீழ கிச்சன் திறந்தாலும் அசையல.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 11, இரவு 7:10

நிமிடத்துக்கு 7½ லிட்டர். தொடங்கியதைவிட இரண்டு மடங்கு, கரண்ட் இல்லாமல். சுவரை உடைக்காதது நல்ல முடிவு. 3 மீட்டரில் போவது அரை மீட்டருக்கும் குறைவு.

வெயிலில் கிடக்கிற சிபிவிசிக்கு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடியுங்கள், தண்ணீரில் கரைக்கிற வகை. ஆயில் பெயின்ட் கூடாது. அடிக்காமல் விட்டால் வெயிலில் பைப் மொறுமொறு என்று ஆகிவிடும், டேங்க் கழுவப் போகிறவர் கால் பட்டால் உடையும்.

உப்புத்தண்ணி | பிப்ரவரி 11, இரவு 8:00

எல்லாரையும் ஒரு இன்ச் போடச் சொல்லிட்டு இவர் பேரு மட்டும் முக்கால்_இன்ச். மாத்துங்க சார்.

மொட்டைமாடி | பிப்ரவரி 13, காலை 6:50

இன்னொரு சிக்கல். பச்சைத் தண்ணி சூப்பர். கீசர் போட்டு சுடுதண்ணிப் பக்கம் மட்டும் திறந்தா 10 லிட்டருக்கு 3 நிமிஷத்துக்கு மேல ஆகுது.

உப்புத்தண்ணி | பிப்ரவரி 13, காலை 7:30

கீசருக்குப் பச்சைத் தண்ணி உள்ளே போற இடத்துல பித்தளையில ஒரு சின்ன வால்வு இருக்கும், பக்கத்துல ஒரு கைப்பிடி. மல்டி ஃபங்ஷன் வால்வுன்னு சொல்வாங்க. அதுக்குள்ள ஸ்பிரிங், ரப்பர், எல்லாத்துலயும் உப்பு ஏறும். கீசர் மெயின் ஸ்விட்சை அணைச்சு, ஆங்கிள் காக்கை (சுவர்ல இருக்கிற சின்ன அடைப்புக் குழாய்) மூடி, அந்த வால்வைக் கழற்றி எலுமிச்சை உப்புத் தண்ணியில போடுங்க. சரியாகலைன்னா அதே பார் ரேட்டிங்ல புதுசு. ரெண்டு பக்கக் கனெக்ஷன் ஹோஸையும் ஊதிப் பாருங்க, உள்ள ரப்பர் உப்பியிருந்தா தண்ணி போகாது.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 13, காலை 7:45

வால்வையே எடுத்துவிட்டு நேராக நிப்பிள் போடச் சில பிளம்பர்கள் சொல்வார்கள். "பிரஷர் நல்லா வரும்" என்பார்கள். வரும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தண்ணீர் கொதிக்கிற நாளில் நீராவி வெளியேற அந்த வால்வுதான் முக்கியமான வழி. கழற்றக் கூடாது. அதன் வெளிவாயை மூடிபோட்டு அடைக்கவும் கூடாது.

பெரிய_மழை | பிப்ரவரி 16, இரவு 10:20

எங்க வீட்டுல 12 இன்ச் ரெயின் ஷவர், சீலிங்ல பதிச்சது. டேங்க் மேடையே இல்லை, தளத்துலயே உட்கார்ந்திருக்கு. மேல சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. இன்னும் சாரல்தான்.

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 17, காலை 8:30

சீலிங் ஷவர் 8½, 9 அடியில் இருக்கும். உங்களுக்கு அரை டேங்கில் 4 அடி கூட மிஞ்சாது, 0.12 பார். பரப்பளவில் 12 இன்ச் தட்டு 4 இன்ச் தட்டைப்போல் ஒன்பது மடங்கு. இருக்கிற தண்ணீரை ஒன்பது மடங்கு இடத்தில் பரப்பினால் சாரல்தான் வரும். உங்களுக்குப் பம்ப் வேண்டும். ஆனால் ஒரு எச்.பி. இல்லை. அது மூன்று பார் வரை ஏற்றும், பழைய ஜாயின்ட்டும் கனெக்ஷன் ஹோஸும் தாங்காது. ஒரு பாத்ரூமுக்கு 100 முதல் 150 வாட் இன்லைன் பூஸ்டர் (பைப் லைனிலேயே மாட்டும் சின்னப் பம்ப்), 9 அல்லது 10 மீட்டர் ஏற்றுவது, போதும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை வரிசையாக இல்லாமல் நினைவுக்கு வந்தபடி:

பம்ப் டேங்க் பக்கம், கீசருக்குப் பிரிவதற்கு முன்னால் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் போட்டால் மிக்சருக்குள் அது சுடுதண்ணீரை முட்டித் தள்ளும், ஷவரில் சூடே வராது.

ஏர் பைப் பம்புக்கு முன்னால்தான். பின்னால் இருந்தால் பம்ப் ஓடும்போதெல்லாம் மொட்டை மாடியில் நீரூற்று.

ஃப்ளோ ஸ்விட்ச் வகை பம்ப், தண்ணீர் தானாகக் கொஞ்சம் ஓடினால்தான் கிளம்பும். பெரும்பாலும் நிமிடத்துக்கு 1½, 2 லிட்டர் கேட்கும். உங்கள் 4 அடியில் அது கிளம்பாமலும் போகலாம். வாங்குவதற்கு முன் வாளியில் அளந்துகொள்ளுங்கள். குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச்சும் சின்ன பிரஷர் டேங்கும் உள்ள வகை.

கரண்ட் போனால் குளிக்க பைபாஸ் லைன், அதில் ஸ்விங் வகை என்ஆர்வி (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு), படுக்கைவாக்கில். ஸ்பிரிங் வகை திறக்கவே உங்கள் அழுத்தத்தில் ஒரு பங்கைக் கேட்கும்.

எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) கட்டாயம்.

பெரிய_மழை | பிப்ரவரி 17, காலை 9:05

தெரு லைன்லயே நேரா பூஸ்டர் போட்டுட்டா டேங்கே வேண்டாமே?

முக்கால்_இன்ச் | பிப்ரவரி 17, காலை 9:10

கூடாது. தெருக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது குற்றம், மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும். ஓட்டை வழியே சாக்கடையும் உள்ளே உறிஞ்சப்படும். சம்ப், பிறகு டேங்க், பிறகு பூஸ்டர்.

பெரிய_மழை | மார்ச் 3, இரவு 9:30

பூஸ்டர் போட்டாச்சு, பிரஷர் டேங்க் வகை. மழைதான். ஆனா ராத்திரி யாருமே குளிக்காதப்போ பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "டக்" னு ஓடி நிக்குது.

உப்புத்தண்ணி | மார்ச் 3, இரவு 9:50

எங்கயோ சொட்டுது. முதல்ல ஹெல்த் பாசெட்டைப் பாருங்க, கைப்பிடியை மட்டும் நம்பி ஆங்கிள் காக்கைத் திறந்தே விடுறதுதான் வழக்கம். ரெண்டாவது ஃப்ளஷ் டேங்க். கம்மோடுக்குள்ள ஒரு டிஷ்யூ பேப்பரை ஒட்டிப் பாருங்க, நனைஞ்சா அதுதான்.

பெரிய_மழை | மார்ச் 4, காலை 6:40

டிஷ்யூ நனைஞ்சது. ஃப்ளஷ் டேங்க் அடி ரப்பர். மாத்தினதும் சத்தம் நின்னுடுச்சு.

மொட்டைமாடி | மார்ச் 4, காலை 7:15

நானும் டிஷ்யூ வச்சேன். எனக்கும் நனையுது. பம்ப் இல்லாததால இத்தனை நாள் தெரியல. அந்த ரப்பர் என்ன சைஸ் கேட்கணும்?

உப்புத்தண்ணி | மார்ச் 4, காலை 7:25

சைஸ் கேட்காதீங்க, பழசைக் கழற்றிக் கையில எடுத்துட்டுப் போங்க.